படிவத்தில் விடுபட்ட பெயர்



பங்குப் பணியில் ஈடுபட்டிருக்கும் குருவுக்குப் பிரசங்க மேடையில் பேசியதைவிட, அறைவீட்டு வாசலில் யாரோ ஒருவருக்குப் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையே பிற்காலத்தில் மனத்தை உறுத்துவதுண்டு. அத்தகைய ஒரு வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அதன் விலையை நான் கொடுக்கவில்லை. ஒரு தாயும் அவளுடைய மகளுமே கொடுத்தனர். இங்கே எழுதுவது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. வெளிப்படையாக என்னிடம் பேசப்பட்டதே. அக்குடும்பத்தார் எல்லோருடைய சம்மதத்தோடும், ஊரும் பேரும் சொல்லாமல் எழுதுகிறேன்.

2001ஆம் ஆண்டின் தொடக்கம். நான் குருப்பட்டம் பெற்று மூன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரப் பங்கொன்றில் உதவிக் குருவாக இருந்தேன். குருமடத்தில் கற்ற ஆங்கிலம் கைவசம் இருந்தமையால், வெளிநாட்டுக் கடிதங்களையும் படிவங்களையும் எடுத்துக்கொண்டு ஊரார் என்னிடம் வருவது வழக்கம். ஒருநாள் மாலை, மூன்று வயதுப் பெண்குழந்தையைக் கையில் பிடித்தபடி ஓர் இளந்தாய் வந்தாள். 1997இல் எங்கள் ஆலயத்திலேயே மணமுடித்தவள். கணவர் 1999இல் முகவர் ஒருவர் மூலம் கனடா சென்று, அங்கே அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தார். அவர் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அந்தப் படிவத்தின் பிரதியொன்றைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தார்.

கடிதத்தின் சாரம் இதுதான். விமான நிலையத்தில் இறங்கியபோது, முகவர் சொல்லிக்கொடுத்தபடி தாம் மணமாகாதவர் என்று சொல்லிவிட்டார். இப்போது மாற்றிச் சொன்னால் அகதி உரிமையே பறிபோய்விடும் என்று உடனிருப்போர் அச்சுறுத்துகின்றனர். ஆகவே மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் படிவத்தில் எழுதவில்லை. உரிமை கிடைத்தபின் ‘ஸ்பொன்சர்’ செய்து இருவரையும் அழைத்துக்கொள்வார். யாராவது விசாரித்தால் அவளும் அதற்கேற்றபடி நடந்துகொள்ள வேண்டும்.

“சுவாமி, இவர் இப்பிடிச் செய்திருக்கிறார். இது பாவமோ?” என்று கேட்டாள் அவள்.

நான் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். உடன் வருபவராயினும் வராதவராயினும் குடும்பத்தினர் அனைவரையும் குறிப்பிட வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் வாசித்து விளங்கிக்கொண்டேன். ஆயினும் அதை அவளுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. போர் நடந்துகொண்டிருந்த காலம். அந்தக் கண்களில் இருந்த கலக்கத்தைத் தீர்ப்பதே என் கடமையென்று கருதினேன். “பயப்படாதை பிள்ளை. அந்த மனுசன் அங்கை தனியக் கிடந்து தவிக்கிறார். முதலிலை கால் ஊன்றட்டும். பிறகு எல்லாம் சரிவரும்” என்றேன். அவள் ஆறுதலோடு போனாள். நானும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு மாலைச் செபத்துக்குச் சென்றேன்.

அன்றைக்கே அவர் ஒரு சட்டத்தரணியை நாடி உண்மையைச் சொல்லித் திருத்தியிருக்கக்கூடும். விண்ணப்பம் முடிவாகாத நிலையில் அதற்கு இடமிருந்தது. “உடனே அவருக்கு எழுது, திருத்தச் சொல்” என்று நான் கூறியிருந்தால் அவள் எழுதியிருப்பாள். குருவின் சொல்லுக்கு எங்கள் கரையோர மக்கள் அந்த அளவு மதிப்பளிப்பவர்கள். அந்த மதிப்பே அன்று அவளுக்குத் தீங்காயிற்று.

2002இல் அவருக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. 2003இல் மனைவிக்கும் மகளுக்கும் பொறுப்பேற்று விண்ணப்பித்தார். 2004இல் மறுப்புக் கடிதம் வந்தது. அப்போது நான் வேறு பங்குக்கு மாற்றலாகியிருந்தேன். இரண்டு பேருந்துகள் மாறி, அதை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். மகளுக்கு அப்போது ஆறு வயது.

கடிதத்தை வாசித்தேன். 2002 ஜூன் 28ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 117ஆம் விதியின் 9ஆம் உட்பிரிவு, அதில் ‘டி’ என்னும் பந்தி. அது சொல்வது இது: ஒருவர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்த வேளையில் அவருடைய குடும்பத்தில் ஒருவர் இருந்து, அந்த ஒருவர் அதிகாரிகளால் பரிசோதிக்கப்படாமற் போயிருந்தால், பிற்காலத்தில் அவரைக் குடும்பப் பிரிவில் அழைக்க இயலாது. அவர் அப்பிரிவிலிருந்து விலக்கப்பட்டவர். புதிய விதி வருமுன்னரே விண்ணப்பித்தவர்களையும் அது கட்டியது. எத்தனை ஆண்டு விலக்கு என்று தேடினேன். ஆண்டுக்கணக்கே அதில் இல்லை. வாழ்நாள் முழுவதற்குமான விலக்கு அது.

“பிறகு எல்லாம் சரிவரும்” என்று சொன்ன வாய் எனது. அந்தக் கடிதத்தின் பொருளைச் சொல்ல வேண்டிய வாயும் எனதாயிற்று. அவள் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. “அப்ப, நான் அவருக்கு மனிசி இல்லையோ சுவாமி?” என்று மட்டும் கேட்டாள். எங்கள் திருமணப் பதிவேட்டில் இருவரின் ஒப்பமும் இருந்தது. திருமுழுக்குப் பதிவேட்டில் மகளின் பெயருக்கு எதிரே தந்தையின் பெயர் இருந்தது. தந்தையின் படிவத்திலோ மகளின் பெயர் இல்லை.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பானேன் என்று வாசகர் கேட்கலாம். அதற்கும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. ஒருவரை நிரந்தரமாக ஏற்கும் நாடு, அவரைச் சார்ந்தோர் அனைவரையும் கருத்திற்கொண்டு, உடல்நலம், பாதுகாப்பு முதலியவற்றைப் பரிசோதித்தே முடிவு செய்ய விரும்புகிறது. சிலரை மறைத்து முதலில் உள்ளே வந்து, பின்னர் அவர்களை அழைக்க இடமளித்தால் அந்தப் பரிசோதனைக்குப் பொருளில்லாமற் போகும் என்பது அதன் வாதம். 2005ஆம் ஆண்டு கனடாவின் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இவ்விதி சோதிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாய் ஒருவர் 1993இல் மகளொருத்தியோடு கனடாவில் குடியேறியபோது, தந்தையிடம் வளர்ந்த தம் இரு ஆண்மக்களைக் குறிப்பிடாமல் விட்டிருந்தார். பின்னர் அவர்களை அழைக்க முயன்று மறுக்கப்பட்டு வழக்காடினார். நீதிமன்றம் விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. மனிதாபிமான அடிப்படையில் விதிவிலக்குக் கோரும் வேறு வழி சட்டத்தில் இருப்பதையும் அது கருத்திற்கொண்டது.

ஆனால் எல்லோரும் ஏமாற்றும் எண்ணத்தோடா மறைக்கிறார்கள்? போரிலே பிரிந்து, பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்றே அறியாதவர் உண்டு. மொழி விளங்காமல், ‘உடன் வருபவர்களை மட்டும் எழுதினாற் போதும்’ என்று எண்ணியவர் உண்டு. முந்தைய உறவில் பிறந்த பிள்ளையை வெட்கத்தால் மறைத்தவர் உண்டு. முகவரின் சொல்லையே வேதவாக்காக நம்பியவரும் உண்டு. மறைத்ததால் ஓர் ஆதாயமும் அடையாதவர்களையும், மறைத்தே உரிமை பெற்றவர்களையும் இவ்விதி ஒரே தராசில் நிறுத்தியது. அதன் கொடுமை அங்கேதான் இருந்தது.

மறுப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்தும் பயனில்லை. குடும்பப் பிரிவிலேயே சேராதவர் என்று முடிவானபின், மேன்முறையீட்டுப் பிரிவு மனிதாபிமானக் காரணங்களை எடுத்து நோக்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. எஞ்சியது சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் மனிதாபிமான அடிப்படையில் விலக்குக் கோருவது. 2008இல் அவ்வாறு கோரினார்கள். 2010இல் அதுவும் மறுக்கப்பட்டது.

இதற்கிடையே இன்னொன்று நடந்திருந்தது. 2006இன் தொடக்கத்தில் அவர் கனடாக் குடியுரிமை பெற்று, அவ்வருடம் சித்திரை மாதத்தில் இந்தியா வந்தார். தாயும் மகளும் கொழும்பு வழியாகத் திருச்சிராப்பள்ளி சென்று அவரைச் சந்தித்தனர். எட்டு வயது மகள் அறிவறிந்து தந்தையைக் கண்டது அதுவே முதல் தடவை. ஒரு மாதம் ஒன்றாக இருந்தனர். அவர்கள் திரும்பிவந்த சில மாதங்களில் ஏ-9 பாதை மூடப்பட்டது. 2007 தை மாதத்தில், குடாநாட்டில் பொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த வேளை, அவளுக்கு ஆண்குழந்தை பிறந்தது.

அக்குழந்தை பிறந்தபோது தந்தை கனடாக் குடிமகன். ஆகவே அந்நாட்டுச் சட்டப்படி பிறப்பிலேயே மகனும் கனடாக் குடிமகன். விண்ணப்ப வேளையில் அவன் பிறந்திருக்கவில்லை ஆதலால், மறைக்கப்பட்டான் என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இருவர். தம்பி அந்நாட்டின் குடிமகன். அக்காவோ அந்நாட்டுக்குத் தந்தை அழைக்க முடியாதவள். தம்பிக்குக் கடவுச்சீட்டு வந்த நாளன்று அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எனக்கு ஏன் இல்லை?” என்று கேட்டாளாம். தாய் என்ன விடை சொல்லியிருப்பாள்! மகனையாவது அனுப்பிவை என்று தந்தை பலமுறை கேட்டார். “ஒருத்தியை விட்டிட்டு எழுதினது போதும். இனி ஒருத்தியை விட்டிட்டு அனுப்பமாட்டன்” என்று அவள் மறுத்துவிட்டாள்.

2018இல் நான் அதே பங்குக்குப் பங்குத் தந்தையாகத் திரும்பினேன். முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைக் காண வந்தவர்களுள் அவளும் இருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அருகில் இருபது வயது மகளும், பதினொரு வயது மகனும். கணவர் போர் முடிந்தபின் சில தடவை விடுமுறையில் வந்துபோயிருந்தார். பணத்துக்குக் குறையில்லை. வீட்டில் எல்லாம் இருந்தன; வீட்டுக்காரர்தான் இல்லை. அன்று மாலை அவளை அறைவீட்டுக்கு அழைத்து, 2001இல் நான் படிவத்தை வாசித்து அறிந்தும் சொல்லாமல் விட்டதை முதன்முறையாகச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவள் நெடுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “நீங்கள் சொல்லியிருந்தாலும் அவர் பயத்திலை மாத்தியிருக்கமாட்டார், சுவாமி” என்றாள். அது மன்னிப்பு, உண்மையென்று நான் நம்பவில்லை.

2019 மே 31ஆம் நாள், அப்போது கனடாவின் குடிவரவு அமைச்சராக இருந்த அகமது ஹுசேன் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். சோமாலியாவிலிருந்து பதின்ம வயதில் அகதியாகக் கனடா வந்தவர் அவர். விடுபட்ட குடும்பத்தினரைப் பொறுப்பேற்று அழைக்கச் சிலருக்கு இடமளிக்கும் இரண்டாண்டுப் பரீட்சார்த்தத் திட்டம், அவ்வாண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் தொடங்கியது. அகதியாக ஏற்கப்பட்டு உரிமை பெற்றவர்களுக்கும், கணவன், மனைவி அல்லது தங்கிவாழும் பிள்ளை என்ற முறையில் முன்னர் அழைக்கப்பட்டு வந்தவர்களுக்கும் அது பொருந்தும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விடுபட்டவரின் பெயரை அன்றே எழுதியிருந்தாலும் அவருக்கு உரிமை கிடைத்திருக்க வேண்டும். அதாவது, மறைத்ததனாலேயே தகுதி பெற்றவராக இருத்தலாகாது.

எங்கள் குடும்பத்தலைவர் அந்நிபந்தனைக்கு உட்பட்டவர். அவர் அகதியாக ஏற்கப்பட்டது மணமாகாதவர் என்பதனால் அன்று. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவருக்கு உரிமை கிடைத்திருக்கும்; மனைவியும் மகளும் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே சென்று சேர்ந்திருப்பர். அவர் அச்சத்தினால் மறைத்தது, மறைக்கவே தேவையில்லாத ஒன்று. இதை வழக்கறிஞர் விளக்கியபோது அவர் தொலைபேசியில் அழுததாக மனைவி சொன்னாள்.

மகளுக்கு 22 வயது நிறைய இன்னும் சில மாதங்களே இருந்தன. 22 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளையே தங்கிவாழும் பிள்ளை என்பது 2017 ஒக்டோபர் முதலான விதி. அதிர்ஷ்டவசமாக, விண்ணப்பம் சேரும் நாளின் வயதே கணக்கு. அந்தச் சில வாரங்கள் நான் இருபது ஆண்டுக் கடனை அடைப்பவன்போல் ஓடினேன். திருமண அத்தாட்சி, திருமுழுக்கு அத்தாட்சி, பழைய கடிதங்கள், பணம் அனுப்பிய சீட்டுகள், திருச்சியில் எடுத்த நிழற்படங்கள் யாவும் சேர்த்தோம். பதிவேட்டிலிருந்து மகளின் பெயரைப் பிரதிசெய்து ஒப்பமிட்டபோது என் கை நடுங்கியது. 2019 நவம்பரில் விண்ணப்பம் சென்றது. மரபணுச் சோதனையும் கேட்டார்கள், செய்தார்கள். பெருந்தொற்றினால் எல்லாம் தாமதமாயிற்று. 2022 பங்குனியில் தாயும் இரு பிள்ளைகளும் விமானம் ஏறினர். முதல் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை தந்தையில்லாமல் படித்து முடித்த மகளுக்கு அப்போது வயது 24.

அன்பர்களே, இந்தக் கதையை என் மனச்சுமையை இறக்கிவைப்பதற்காக மட்டும் எழுதவில்லை. நம் குடும்பங்களில் இன்றும் படிவங்கள் நிரப்பப்படுகின்றன. ஆகவே சிலவற்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, கனடாவுக்கான நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் கணவன், மனைவி, பிள்ளைகள் அனைவரின் பெயரையும் எழுதுங்கள். உடன் வராத பிள்ளை, முந்தைய உறவில் பிறந்த பிள்ளை, தத்துப்பிள்ளை, மற்றவர் பொறுப்பில் வளரும் பிள்ளை எவரையும் விடாதீர்கள். எழுதினால் மட்டும் போதாது. உடன் செல்லாவிட்டாலும் அவர்கள் மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டால் கட்டாயம் செல்ல வேண்டும். பெயர் எழுதப்பட்டும் பரிசோதனைக்குச் செல்லாமையால் விலக்கப்பட்டவர்கள் உண்டு.

இரண்டாவது, விண்ணப்பித்த நாளுக்கும் அங்கே சென்று இறங்கும் நாளுக்கும் இடையில் திருமணம் நடந்தாலோ குழந்தை பிறந்தாலோ, இறங்குமுன் அறிவித்தாக வேண்டும். மணமாகாத பிள்ளை என்ற முறையில் அழைக்கப்பட்டிருக்கும் மகனுக்கு, ‘போகமுன் ஒரு கலியாணத்தை முடித்துவிடுவோம்’ என்று இரகசியமாகப் பதிவு செய்யும் பெற்றோரிடம் சிறப்பாக வேண்டுகிறேன். அந்தத் திருமணம் அவனுடைய தகுதியையே மாற்றிவிடும். அதை மறைத்துச் சென்றால், 2019இல் வந்த சலுகையும் அவனுடைய மனைவிக்கு உதவாது. ஒரு பெண்ணின் வாழ்வை அவசரத்தில் பணயம் வைக்காதீர்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே ஒரு பெயர் விடுபட்டிருந்தால் மறைத்துக்கொண்டே இருப்பது தீர்வன்று. தவறான தகவல் தந்தவர் என்று காணப்பட்டால் பெற்ற உரிமையே கேள்விக்குள்ளாகலாம் என்பது உண்மையே. ஆகையால் ஊர்ப்பேச்சை நம்பாமல், உரிமம் பெற்ற குடிவரவுச் சட்டத்தரணியிடம் முழுவதையும் சொல்லி ஆலோசனை பெறுங்கள். நான் கூறிய சிறப்புத் திட்டம் 2021இலும் 2023இலும் நீட்டிக்கப்பட்டது. எனினும் அது காலவரையறை உடையது. விண்ணப்பிக்கும் நாளில் அது நடைமுறையில் உள்ளதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அது பொருந்தாதவர்க்கும் மனிதாபிமான அடிப்படையில் கோரும் 25ஆம் பிரிவு இருக்கிறது. பிள்ளையின் நலனை அங்கே கருத்திற்கொள்ள வேண்டும் என்பது சட்டம்.

நான்காவது, எனக்கும் என்னைப் போன்றோருக்கும். குருக்கள், ஆசிரியர்கள், ஊர்ப் பெரியவர்கள் ஆகிய நாம், தெரியாததைத் தெரியாது என்றும் தெரிந்ததைத் தெரியும் என்றும் சொல்லப் பழக வேண்டும். உண்மையை மறைத்துத் தரும் ஆறுதல் அன்று மாலைக்கு மட்டுமே போதுமானது.

மக்கட்தொகைப் பதிவுக்காக யோசேப்பு பெத்லகேமுக்குச் சென்றதை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் இரவில் வாசிக்கிறோம். பேரரசின் கட்டளை அவருக்கும் அச்சந்தந்திருக்கும், வழியும் கடினமானது. ஆயினும், நிறைமாதக் கர்ப்பிணியை ஊரில் விட்டுவிட்டு அவர் தனியே செல்லவில்லை. மரியாவோடு சென்றார். அந்த வாசகத்தை இப்போதெல்லாம் நான் சற்று நிறுத்தியே வாசிக்கிறேன்.

சென்ற ஆண்டு அந்த மகள் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் பேசினாள். வேலைக்குப் போகிறாள்; தம்பி படிக்கிறான்; தாய்க்குக் குளிர்தான் ஒத்துவரவில்லை. தந்தையோடு பழக முதலில் வெட்கமாக இருந்ததாம். “அப்பா எண்டு கூப்பிடவே கனநாள் எடுத்தது, சுவாமி” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். எந்தப் படிவம் வந்தாலும் தந்தைதான் நிரப்புவாராம். தேவையோ இல்லையோ, வீட்டில் உள்ள நால்வரின் பெயரையும் எழுதுவாராம். எழுதி முடித்ததும் மேசையருகே எல்லோரையும் கூப்பிட்டு, ஒவ்வொரு பெயராகச் சத்தமிட்டு வாசித்த பின்னரே ஒப்பமிடுவாராம்.